மாமனாரும் நாலு கேட்டும்: ஆறு நாள் மலைப் பயண டைரி

கிளம்புறதுக்கு முன்னாடி (2024 மே 7, செவ்வாய்)

பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு, திருப்பூர்ல கத்திரி வெயில், தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது, எங்கயாவது குளுகுளுன்னு கூட்டிட்டுப் போங்கன்னு வீட்டுல ஒரு மாசமா ஒரே பாட்டு. முதல்ல ஊட்டிதான் பேசுனோம். ஆனா இன்னையில இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்கணும்னு ஹைகோர்ட் சொல்லிருச்சு. பாஸ் எடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஆனா கோர்ட்டே தலையிடுற அளவுக்கு அங்க கூட்டம்னா நாம எதுக்கு போய் இன்னொரு வண்டியா நிக்கணும்? சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஏத்தி கோத்தகிரி வழியா இறக்குவாங்க வேற, ஏறுறதுக்கே பாதி நாள் போயிரும்.

அதனால இந்தத் தடவை வால்பாறை, மூணாறு, மேகமலை. நானு, வீட்டுக்காரி, பாப்பா (9 வயசு), அப்புறம் மாமனார். அத்தை வரல, சினை மாடு இருக்குதாம். மாமா கவர்மென்ட் பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ஒரு காலத்துல மூணு வருஷம் பொள்ளாச்சி-வால்பாறை ரூட் ஓட்டியிருக்காரு. இப்ப காங்கயம் பக்கம் மூணு ஏக்கர், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம். முழங்கால் வலின்னு இப்ப ஸ்டியரிங்க தொடுறதில்ல, ஆனா பக்கத்து சீட்டுல உக்காந்தே வண்டி ஓட்டிருவாரு.

நான் கூகுள் மேப்ப வெச்சு பிளான் போட்டேன். மேப்ல பாத்தா வால்பாறையும் மூணாறும் பக்கத்துப் பக்கத்துல, நேர்கோட்டுல 30 கிலோமீட்டர்தான் இருக்கும், காலைல டிபன் சாப்டுட்டு கிளம்புனா மதியத்துக்குள்ள போயிரலாம்னு எழுதி வெச்சிருந்தேன். மாமா அந்த பேப்பர வாங்கிப் பாத்துட்டு சிரிச்சாரு. நடுவுல இருக்கறது ஆனைமலை புலிகள் காப்பகத்துப் புல்மலையும் இரவிகுளம் நேஷனல் பார்க்கும், அதுல வரையாடு போகும், நம்ம கார் போகாது. பொள்ளாச்சிப் பக்கமே இறங்கி, உடுமலை வந்து, சின்னாறு வழியா மறுபடி ஏறணும், 160க்கு மேல ஆகும். "மலையில கிலோமீட்டரச் சொல்லாதீங்க மாப்ள, மணியச் சொல்லுங்க"ன்னாரு.

அப்புறம் காலண்டர் தாள திருப்பி அவரே எழுதுனாரு: ஆழியாறு கேட்டு, ஒன்பதாறு கேட்டு, சின்னாறு கேட்டு, தென்பழனி கேட்டு. எல்லாம் காட்டு ரோட்டுல இருக்கற செக்போஸ்ட்டு. எல்லாத்துக்கும் எதிர்ல திறக்கறது காலை 6, சாத்தறது மாலை 6. அவ்வளவுதான் அவரு பிளானு. எந்த வியூ பாயிண்டு, எந்த ஹோட்டலு, ஒண்ணும் கிடையாது. நான் எழுதுன ரெண்டு பக்கத்த அத்தை கடலை மடிக்க எடுத்துட்டாங்க.

வண்டி 11 வருஷப் பழசு. டயர், கூலன்ட், வைப்பர் எல்லாம் பாத்தாச்சு. மெக்கானிக் பிரேக் ஆயில் மட்டும் மாத்தி ரொம்ப நாளாச்சு, மாத்திரலாமான்னாரு, அதுக்கு இன்னொரு நாள் வண்டிய விடணும்னதால வந்து பாத்துக்கலாம்னுட்டேன். இத ஞாபகம் வெச்சுக்கங்க.

நாள் 1 (மே 9, வியாழன்): திருப்பூர் - வால்பாறை

5 மணிக்கு கிளம்பணும்னு சொல்லி 7:20க்கு கிளம்புனோம். பொள்ளாச்சி தாண்டி தென்னந்தோப்புக்குள்ள ரோடு நுழைஞ்சதுமே ஏசிய ஆஃப் பண்ணிட்டோம். ஆழியாறு செக்போஸ்ட்ல வண்டிய ஓரங்கட்டி டிக்கியத் திறந்து பாத்தாங்க, பிளாஸ்டிக்கு, சரக்கு, ரெண்டும் மேல போகக்கூடாது. நாங்க ஸ்டீல் கேன்ல தண்ணி, வாழையிலையில புளிசாதம்னு போனதால அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டாங்க.

அங்க இருந்து 40 கொண்டை ஊசி. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க, பாப்பா 1, 2, 3ன்னு சத்தமா எண்ணிட்டே வந்தா. 9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்டு, அந்தக் காலத்துல இந்த ரோட்டப் போட்ட வெள்ளைக்காரர் பேராம். கீழ ஆழியாறு டேம் தாம்பாளத்துல ஊத்துன தண்ணி மாதிரி தெரியுது. சுவத்து மேலயே ஒரு வரையாடு நின்னுட்டு இருந்துச்சு, போட்டோ எடுக்கறவங்கள அது கண்டுக்கவே இல்ல, மேயுறதும் அசை போடுறதுமா இருந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் பிஸ்கட்ட நீட்டுனாரு. மாமா ஒரு பார்வை பாத்தாரு, பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ள போயிருச்சு.

14 வரைக்கும் எண்ணுன பாப்பா அப்புறம் எண்ணல. 17ல வாந்தி. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னல் காத்து எதுவும் கேக்கல. மாமா சொன்ன வைத்தியம்தான் வேலை செஞ்சுது: முன் சீட்டுல உக்கார வெச்சு, போன வாங்கி வெச்சுட்டு, வளைவு எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு தூரத்துல பாத்து சொல்லச் சொன்னாரு. கண்ணு ரோட்டுல இருந்தா வயிறு அடங்கிருமாம், கண்டக்டருங்களுக்கு அதனாலதான் வாந்தி வராதாம். மாமா பின் சீட்டுக்குப் போனாரு. அங்க இருந்தும், "செகண்ட போடுங்க மாப்ள... ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க... ஆரன் அடிங்க." ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழிங்கறது சட்டத்துலயே இருக்கு, ஆனா இறங்கி வந்த பத்து கார்ல ரெண்டு பேரு கூட ஒதுங்கல.

நாள் 2 (மே 10, வெள்ளி): வால்பாறை

காலைல புதுத்தோட்டம் பக்கம் போனோம். சிங்கவால் குரங்கு. கறுப்பு உடம்பு, மூஞ்சியச் சுத்தி வெள்ளப் பிடரி, வால் நுனியில சின்னக் குஞ்சம். உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் காட்டுல கிடையாது. ரோட்டுக்கு மேல ரெண்டு மரத்துக்கும் நடுவுல பட்டையா தொங்குறத பாத்துட்டு வீட்டுக்காரி என்னமோ கேபிள் வயர்னு நினைச்சா. அது குரங்கு பாலம், பழைய தீயணைப்பு ஹோஸ் வெச்சுக் கட்டுனது, ரோட்டுல இறங்கி அடிபடாம இருக்கறதுக்கு. தாய்க்குரங்கு ஒண்ணு குட்டிய வயித்துல ஒட்ட வெச்சுட்டு நிதானமா அதுல நடந்து போச்சு, பாதியில நின்னு கீழ எங்கள ஒரு தடவ பாத்துச்சு, அப்புறம் போயிருச்சு. பாப்பா இதுக்காகவே நேத்து எடுத்த வாந்தியெல்லாம் பரவால்லன்னுட்டா.

டீக்கடையில யானை பேச்சு. இங்க சில ரோட்டோரத்துல கம்பம் நட்டு சிவப்பு லைட் வெச்சிருக்காங்க, பக்கத்துல யானை இருக்குன்னு தெரிஞ்சா போன்லயே அத எரிய விடலாம், எஸ்எம்எஸ்சும் வரும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க ஆரம்பிச்சது. டீக்கடைக்காரர் சொல்றாரு, முன்னாடியெல்லாம் ராத்திரி பஸ் இறங்கி எஸ்டேட் லைன் வீட்டுக்கு நடக்கறப்ப நெஞ்சு அடிச்சுக்கும், இப்ப லைட்டப் பாத்துட்டு நடப்போம்னு.

மதியம் சோலையாறு டேம். இத நான் ஒரு வியூ பாயிண்ட்டாதான் பிளான்ல போட்டிருந்தேன். மாமாவுக்கு அது அப்படி இல்ல போல. எங்க பக்கத்துல பேப்பர் வந்தா மொதல்ல பாக்கறது டேம் நிலவரம்தான்: சோலையாறு 160 அடி, பரம்பிக்குளம் 72, ஆழியாறு 120, திருமூர்த்தி 60, அதுல இன்னைக்கு எவ்வளவுன்னு. மாமா தினமும் காலைல அத சத்தமா வாசிப்பாரு, அத்தை அடுப்படியில இருந்து "ஏறிருக்குதா?"ன்னு கேப்பாங்க. இத்தன வருஷம் ரூட் ஓட்டியும், பஸ் வால்பாறை ஸ்டாண்டோட திரும்பிரும்ங்கறதால இந்த டேமுக்கு அவரு வந்ததே இல்லையாம்.

தண்ணி ரொம்பக் கீழ கிடந்துச்சு. கரையில செம்மண்ணு வரிவரியா, தண்ணி எப்பெப்ப எங்கெங்க நின்னுச்சுன்னு ஒவ்வொரு கோடும் காட்டுது. மாமா கைப்பிடிச் சுவரப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. பாப்பா கேட்டா, "தாத்தா, இந்தத் தண்ணிதான் நம்ம தோட்டத்துக்கு வருதா?" அவரு விரல நீட்டி நீட்டி சொன்னாரு: நீராறுல இருந்து சுரங்கம் வழியா இங்க, இங்க இருந்து பரம்பிக்குளம், அங்க இருந்து தூணக்கடவு, மலையக் குடைஞ்சு சர்க்கார்பதி பவர் ஹவுஸ், அப்புறம் கால்வாய்ல திருமூர்த்தி, அங்க இருந்து வாய்க்காலு, கடைசியா காங்கயம், வெள்ளக்கோயில். மேக்க அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணிய கிழக்க திருப்பியிருக்காங்க, காமராசர் காலத்து வேலை. நாலு மண்டலமா பிரிச்சு முறை வெச்சு விடுறதால ஒரு காட்டுக்கு மறுபடி முறை வர ரெண்டு வருஷம் ஆகும்.

"நாங்க மடையில நின்னு மம்பட்டிய வெச்சு ஒரு சாண் தண்ணிக்கு சண்ட போட்டிருக்கறோம் மாப்ள. அது இங்க இருந்து இத்தன தூரம் நடந்து வந்த தண்ணியா"ன்னாரு. அப்புறம் சட்டுனு, "கேட்டு சாவி யாருகிட்ட இருக்கும்?"

சாயங்காலம் 4 மணிக்கு ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டுச்சு. ரூம்ல சுடச்சுட உப்புமா, வேற எதுவும் நினைவுல இல்ல.

நாள் 3 (மே 11, சனி): வால்பாறை - சின்னாறு - மூணாறு

காலைல 6க்கே கிளம்பி 40 வளைவும் இறங்குனோம். இறங்கறப்ப மாமா பின்னாடி இருந்து விடாம பாடம்: ஏறுன கியர்லயேதான் எறங்கோணும், இஞ்சின் பிடிச்சுக்கும், பிரேக்க சும்மா தொட்டுத் தொட்டு விடோணும், மிதிச்சே வெச்சிருக்கக் கூடாது. நான் ஒழுங்கா கேட்டேன். அன்னைக்கு.

உடுமலையில டிபன், அமராவதி தாண்டி ஒன்பதாறு செக்போஸ்ட். வண்டி நம்பர் எழுதிட்டு, நடுவுல நிறுத்தாதீங்க, இறங்காதீங்கன்னு சொல்லி விட்டாங்க. நேத்து வரைக்கும் பச்சையா இருந்த அதே மலைத்தொடரோட முதுகுப்பக்கம் இது, ஒரே முள்ளும் கள்ளியும் காஞ்ச பாறையும். மழை அந்தப் பக்கமே கொட்டித் தீந்துருது, சின்னாறு மழை மறைவுல இருக்கு. ஒரு மணி நேர டிரைவுல மூணு ஊர் வெயில் பாத்தோம். தூரத்துல தூவானம் அருவி ஒரு வெள்ளை நூல் மாதிரி, இந்த மே மாசத்துலயும்.

மறையூர்ல ரோட்டோரம் கம்பி வேலிக்குள்ள சந்தன மரம், ஒவ்வொரு மரத்துலயும் நம்பர். பாக்க சாதாரண மரம்தான், வாசமும் வரல, வாசம் வர்ற வைரக்கட்டை உள்ளதானே இருக்கு. அதவிட கரும்புத் தோட்டத்துக்குள்ள சர்க்கரை காய்ச்சுற கொட்டாய்தான் எனக்குப் பிடிச்சுது. எங்க ஊருல வெல்லம்போம், இங்க சர்க்கரைன்னா வெல்லம்தான். பெரிய கொப்பரையில பாகு கொதிச்சு, அத மரத்தொட்டியில ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள கையில எடுத்து உருண்டை பிடிக்கிறாங்க. ஒவ்வொரு உருண்டையிலயும் பிடிச்சவரோட விரல் தடம் அப்படியே இருக்கு. கடையில அச்சு வெல்லம் வாங்குறப்ப இது கிடைக்காது. 2019ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு மறையூர் சர்க்கரை. ரெண்டு கிலோ வாங்குனோம், மூணாறு போறதுக்குள்ள அரைக்கிலோ காணோம், பின் சீட்டுல யாருன்னு விசாரிக்கல.

நாள் 4 (மே 12, ஞாயிறு): மூணாறு

ஞாயித்துக்கிழமை மூணாறு போறத விட திருப்பூர் பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கலாம். நாலு கிலோமீட்டருக்கு ஒண்ணே கால் மணி நேரம். இதுக்கு ஊட்டிக்கே பாஸ் எடுத்திருக்கலாம்னு வீட்டுக்காரி சொன்னா, பதில் இல்ல என்கிட்ட.

இரவிகுளம் பார்க்குல இருக்கற ராஜமலைக்கு ஆன்லைன்ல டிக்கெட் போட்டிருந்ததால தப்பிச்சோம். ஆனைமுடி, 2,695 மீட்டரு, தென்னிந்தியாவுலயே உசரம், மேகத்துக்குள்ள பாதி தெரிஞ்சு பாதி ஒளிஞ்சு நின்னுச்சு. குறிஞ்சி 2018ல பூத்துச்சு, இனி 2030தான், அப்ப பாப்பாவுக்கு 15 ஆயிருக்கும். பார்க் பஸ்ல பக்கத்துல உக்காந்த அம்மா தமிழ்தான், எஸ்டேட்ல தேயிலை எடுக்கறவங்க. பெட்டிமுடி எந்தப் பக்கம்னு கேட்டேன். மலைக்கு அந்தாண்ட கைய மட்டும் காட்டுனாங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண்ணு சரிஞ்சு லைன் வீடுங்களோட 70 பேரு போன இடம், நிறைய பேரு பூர்வீகம் கயத்தாறு பக்கம். அதுக்கு மேல நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

நாள் 5 (மே 13, திங்கள்): மூணாறு - போடிமெட்டு - சின்னமனூர்

இன்னைக்குத்தான் நான் மாட்டுனேன். மேப்ல மூணாறுல இருந்து மேகமலை 130 கிலோமீட்டர்னு போட்டுச்சு, நாலு மணி நேரம், 11க்கு கிளம்புனா கூட 3க்கு போயிரலாம், தென்பழனி கேட்டுக்கு தாராளமா டைம் இருக்குன்னு நான். மாமா 8க்கே பைய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. பாப்பாவுக்கு சாக்லேட், வீட்டுக்காரிக்கு டீத்தூள், கடைசியில கிளம்புறப்ப 12 ஆயிருச்சு.

கேப் ரோடு அட்டகாசம், அத மறுக்க முடியாது. ஒரு பக்கம் வெட்டுன பாறை, இன்னொரு பக்கம் அதலபாதாளம், கீழ தேயிலை பச்சைக் கம்பளம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்தி போட்டோ. ஆனையிறங்கல் டேம் கிட்ட சாப்பாடு. பூப்பாறை தாண்டி ஏலக்காய்த் தோட்டம் ஆரம்பிச்சதும் காத்தே பாயசம் மாதிரி மணக்குது. போடிமெட்டு வர்றப்ப மணி 4 ஆகப்போகுது, மாமா சாப்பிட்ட அசதியில நல்லா தூங்கிட்டு இருந்தாரு.

கீழ 17 கொண்டை ஊசி. தோட்ட வேலைக்குப் போன பொம்பளைங்கள ஏத்திட்டு போடிக்குத் திரும்புற ஜீப்புங்க சர்ரு சர்ருனு ஓவர்டேக் பண்ணுது, அந்த வேகத்தப் பாத்து நானும் கொஞ்சம் இறக்குனேன். தேர்டு கியரு, வளைவுக்கு வளைவு பிரேக்கு. எட்டோ ஒன்பதோ வளைவு தாண்டறப்ப ஒரு கருகுன வாசம், முன்னாடி போற லாரின்னு நினைச்சேன். அடுத்த வளைவுல பெடல் மிதிச்சா, கெட்டியா நிக்க வேண்டிய இடத்துல நிக்காம பஞ்ச மிதிச்ச மாதிரி உள்ள போகுது. வயிறு கலங்கிருச்சு. கத்தவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல, கை தானா செகண்டுக்கு இழுத்துச்சு, அப்புறம் ஃபர்ஸ்ட், இஞ்சின் ஊன்னு கத்துச்சு, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரத்துல அகலமா இருந்த இடத்துல நிறுத்துனேன்.

இஞ்சின் கத்துன சத்தத்துல மாமா முழிச்சுட்டாரு. இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு மோந்து பாத்தாரு. "தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க மாப்ள, டிஸ்க்கு வெடிச்சுப் போகும். தானா ஆறட்டும்." திட்டுவாருன்னு எதிர்பாத்தேன், திட்டல. ஒரு கல்லத் தேடி எடுத்து சக்கரத்துக்கு அண்டக் குடுத்துட்டு, மறையூர் சர்க்கரைய எடுத்து எல்லாருக்கும் ஒரு துண்டு உடைச்சுக் குடுத்தாரு. முக்கால் மணி நேரம் அங்கயே உக்காந்தோம். கீழ போடி, சமவெளி, வெயில் சாயுது. பெடல் கெட்டியானதும் ஃபர்ஸ்ட்லயும் செகண்ட்லயும் ஊர்ந்தே இறங்குனோம், நாங்க போன வேகத்துக்கு சைக்கிளே முந்திருக்கும்.

போடியில ஒரு மெக்கானிக் பாத்தாரு. பேடு தேய்ஞ்சிருக்கு, ஆனா முக்கியமான வில்லன் பழைய பிரேக் ஆயிலு. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வெச்சுக்குமாம், சூடு ஏறுனா அந்த ஈரம் கொதிச்சு ஆவியாயிரும், ஆவிய அமுக்குனா அமுங்கத்தானே செய்யும், அதான் பஞ்சு. பேடும் ஆயிலும் மாத்திட்டு தென்பழனி கேட்டுக்குப் போய் நிக்கறப்ப மணி 6:50. கதவு சாத்திருச்சு. கார்டு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு, யானை இறங்குற நேரம் சார், காலைல வாங்கன்னு. மாமா காலண்டர் தாள பாக்கெட்ல இருந்து எடுத்தாரு, பாத்தாரு, மறுபடி மடிச்சு வெச்சுக்கிட்டாரு. அதுக்கு அவரு திட்டியே இருக்கலாம்.

சின்னமனூர்ல ஒரு லாட்ஜ், கொசு, பரோட்டா நல்லா இருந்துச்சு.

நாள் 6 (மே 14, செவ்வாய்): மேகமலை, வீடு

5:45க்கே கேட்டு முன்னாடி நின்னோம், நாங்கதான் முதல் வண்டி. 18 வளைவு, இங்க நம்பர் இல்லாம சங்க இலக்கியத்துல வர்ற பூ பேரா வெச்சிருக்காங்க. பாப்பா ஒவ்வொரு போர்டா எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டே வந்தா, பாதிப் பூ எனக்கே தெரியாது, மாமாவுக்கு நாலஞ்சு தெரிஞ்சுது, அதுலயும் ரெண்டு அவரு மாட்டுக்குப் பறிச்சுப் போட்டதாம். வாந்தி கிடையாது, முன் சீட்டு இப்ப நிரந்தரமா அவளுக்கு.

மேல போனா ஆளே இல்ல. தேயிலை, நடுவுல ஏரி மாதிரி டேமு, தண்ணி மேல பஞ்சுமூட்டமா மேகம் படுத்திருக்கு. மூணாறுல நாலு மணி நேரம் தேடுனது இங்க கேட்டு திறந்ததும் கிடைச்சுருச்சு. டீக்கடையில மாமா கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தண்ணி எங்கீங்க போகுது?" சுருளியாறு பவர் ஹவுஸ்க்குன்னு சொன்னாங்க. தலைய ஆட்டிக்கிட்டாரு, திருப்தி.

ரூம் கேன்சல் பண்ணியாச்சு, மதியம் ரெண்டரைக்கு இறங்க ஆரம்பிச்சோம். 18 வளைவும் செகண்ட் கியரு, பின் சீட்டுல இருந்து ஒரு சத்தமும் வரல. திரும்பிப் பாத்தா தூங்குறாரு.

தேனி, திண்டுக்கல், தாராபுரம் வழியா காங்கயம் வர்றப்ப ராத்திரி பத்தரை. அத்தை வாசல்ல கட்டில்ல உக்காந்திருந்தாங்க. மாடு இன்னும் கன்னு போடல. டேமுக்குப் போனது, தண்ணி கீழ கிடந்தது எல்லாத்தையும் பாப்பா மூச்சு விடாம சொல்லி முடிச்சா. அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு மாமாவப் பாத்து, "அவ்வளவு தூரம் போனீங்களே, நம்ம மண்டலத்துக்கு எப்ப விடுவாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"